பாண்டியில் குடும்பப் பூங்கா: உள்ளே பீர் கவுண்டர் வைக்கலாமா?

கேள்வி இதுதான். புதுச்சேரி எல்லைக்குள், கடலூர் சாலையை ஒட்டி, குடும்பங்களுக்கென்று ஒரு தீம் பார்க் கட்டும் யோசனை. ரைடு, வேவ் பூல், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் உண்டு. பங்குதாரர்களில் ஒருவர், "உள்ளே ஒரு பீர் கார்டன் போட்டால் பெங்களூர்க் கூட்டம் கொட்டும். டிஸ்னியிலேயே ஊற்றுகிறார்கள், பாண்டியில் ஊற்றினால் என்ன?" என்கிறார். இன்னொருவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவன் வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிடுவான் என்கிறார். யார் சொல்வது சரி?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைடும் தண்ணீரும் இருக்கிற வேலிக்குள் வேண்டாம். பக்கத்தில் தங்கும் விடுதி கட்டுகிற எண்ணம் இருந்தால், அதற்குள் தனி வாசலோடு பார் வைத்துக்கொள்ளுங்கள். குடி நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஓட்டல் உணவுப் பிரிவிலும் அப்புறம் பூங்கா நிர்வாகத்திலும் காலம் தள்ளியவன், பார் உரிமத்துக்கு அலைந்தவன். கணக்கு உதைக்கிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

"டிஸ்னியிலேயே" என்று ஆரம்பித்தால் கூட்டத்தில் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டு திறந்தபோது பொதுமக்களுக்கு உள்ளே ஒரு சொட்டு கிடையாது. வால்ட் டிஸ்னி அதில் பிடிவாதமாக இருந்தார். 1967இல் கிளப் 33 என்று உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு உணவகம் வந்தது, மது அங்கே மட்டும்தான். சாதாரணமாக டிக்கெட் எடுத்து வருகிறவருக்கு அந்தப் பூங்காவில் மது கிடைக்க 2019 ஆகிவிட்டது. அதுவும் அப்போது புதிதாகக் கட்டிய பகுதியில் ஒரே ஒரு கடை. ஆளுக்கு இரண்டு கிளாஸ், முக்கால் மணி நேரம், கிளாஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வரக்கூடாது. ஃபுளோரிடாவில் மேஜிக் கிங்டம் 1971இல் திறந்தது. அங்கே 2012 வரைக்கும் இல்லை. 2012இல் ஓர் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டோடு மட்டும் ஒயினும் பீரும் தர ஆரம்பித்தார்கள். நாற்பது வருடம் கழித்து, உட்காரவைத்து, தட்டில் சாப்பாடு வந்த பிறகு. இதைத்தான் உங்கள் பங்குதாரர் "டிஸ்னியிலேயே ஊற்றுகிறார்கள்" என்று சுருக்குகிறார்.

நேர் எதிரான உதாரணமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அதே ஃபுளோரிடாவில் எப்காட் 1982இல் திறந்த நாளிலிருந்தே மது விற்கிறது. கோப்பன்ஹேகனின் டிவோலி 1843இலிருந்து நடக்கும் பூங்கா, அங்கே பீரும் ஊஞ்சலும் பக்கத்தில் பக்கத்தில்தான். டாம்பாவில் புஷ் கார்டன்ஸ் 1959இல் ஒரு பீர் ஆலையை ஒட்டிய தோட்டமாகவே பிறந்தது, வருகிறவர்களுக்கு வெகுகாலம் பீர் இலவசம். ஆக, உலகத்தில் எங்குமே இல்லை என்று சொல்ல முடியாது.

இதில் பாரிஸ் கதைதான் நமக்குப் பாடம். 1992 ஏப்ரலில் அங்கே டிஸ்னி பூங்காவைத் திறந்தபோது அமெரிக்க வழக்கப்படி மதுவைத் தடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒயின் இல்லையென்றால் அது என்ன சாப்பாடு என்று பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே நிர்வாகம் இறங்கி வந்தது. அங்கே தாத்தா, பாட்டி, பேரன் எல்லோரும் இருக்கிற மேசையில் ஒயின் பாட்டிலும் இருக்கும், யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் வீட்டில்? ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிறது, மாமியார் இலை போடச் சொல்கிறார். குடிக்கிற மருமகன் அதற்கு முன்னாலேயே "ஒரு நண்பரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று வண்டியை எடுத்திருப்பார், அல்லது மொட்டைமாடியில் இருப்பார். குடி இங்கே சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை, ஒதுங்கித்தான் நடக்கும். பாண்டியில் சில சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களில், பிரெஞ்சுப் பழக்கம் மிச்சமிருக்கலாம். ஆனால் உங்கள் டிக்கெட் வரிசையில் நிற்கப்போவது பண்ருட்டியும் நெய்வேலியும் விழுப்புரமும்.

சரி, பழக்கத்தை விடுங்கள், உடம்புக்கு வருவோம். காதின் உட்புறத்தில் நம் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் வளையக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம், அதில் ஜெல்லி மாதிரி ஒரு சின்னத் திரை. தலை திரும்பினால் திரவம் அந்தத் திரையைத் தள்ளும், மூளைக்குச் செய்தி போகும். மது ரத்தத்தில் ஏறியதும் திரவத்தைவிட வேகமாக அந்தத் திரைக்குள் போய்விடுகிறது. திரை லேசாகி, தலை அசையாமல் இருக்கும்போதே ‘சுற்றுகிறோம்’ என்று பொய்ச் செய்தி அனுப்புகிறது. குடித்துவிட்டுப் படுத்தால் ஃபேனோடு சேர்ந்து ரூமும் சுற்றுவது இதனால்தான். அந்த நிலையில் ஒருவரை ராட்டினத்திலோ ரோலர் கோஸ்டரிலோ ஏற்றினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். கீழே உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தியைக் கழுவிவிடலாம், குளத்தில் நடப்பதைத் திருத்த முடியாது. மூழ்கிச் சாவதற்கான காரணங்களில் மதுவை உலக சுகாதார நிறுவனம் தனியாகவே குறிப்பிடுகிறது. வேவ் பூலில் இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பார்கள். போதையில் இருக்கிறவர் அலையில் ஒருமுறை சறுக்கினால், எழுந்து நிற்கத் தேவையான அந்த ஓரிரு விநாடி நிதானம் இருக்காது. மே மாத வெயிலில் உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே குறைந்திருக்கும், பீர் அதை இன்னும் இறக்கும்.

"ஒரு பீர்தானே, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும்" என்பார்கள். கணக்குப் போடலாம். நம் ஊரின் பெரிய பாட்டில் 650 மி.லி. 5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 40 கிராம். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கழிக்கும். லேசான பீருக்கே மூன்று மணி நேரம், ஸ்ட்ராங்குக்கு நான்கிலிருந்து ஆறு. பதினொரு மணிக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடும் பூங்காவில், மதியம் ஒரு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் அன்றைக்கு ரைடு ஏறத் தகுதியானவர் இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரைடு வாசலில் நிற்கும் பையனை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயது இருக்கும், ஐ.டி.ஐ. முடித்திருப்பான், கையில் வாக்கிடாக்கி. எதிரில் நாற்பது வயதுக்காரர், தோளில் ஈரத் துண்டு, கூட நான்கு பேர். வாடை வருகிறது. "சார், நீங்க ஏற முடியாது சார்." "ஏன்?" "குடிச்சிருக்கீங்க சார்." மது விற்காத பூங்காவில் இந்தப் பேச்சு இங்கே முடிந்துவிடும், கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், ஏனென்றால் தப்பு தன் பக்கம் என்று அவருக்கே தெரியும். மது விற்கும் பூங்காவில் அவர் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுப்பார். "நீங்கதானேப்பா வித்தீங்க? ஜி.எஸ்.டி. போட்டு டிக்கெட், வாட் போட்டு பீர், இப்ப ஏத்த மாட்டேன்னா எப்படி?" அதற்கு அந்தப் பையனிடம் பதில் கிடையாது. சூப்பர்வைசரிடமும் கிடையாது. அவனுக்குப் பின்னால் வரிசையில் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது முறை என்ன நடக்கும் தெரியுமா? ஏற்றிவிடுவான். விபத்து என்று ஒன்று நடந்தால் அந்த பில் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்று.

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் பங்குதாரர் பாண்டியைத் தப்பாகப் படிக்கிறார். மது எங்கே அரிதோ அங்கேதான் பார் கூட்டம் இழுக்கும். புதுச்சேரியில் அது அரிதா? கடலூரிலிருந்து ஆற்றைத் தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்தால் வரவேற்பே அதுதான். கன்னியகோயில் வரைக்கும் சாலையோரம் பார்த்துக்கொண்டே வாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கத்து ஆல்பேட்டை செக்போஸ்டில் போலீஸார் பைக்கை நிறுத்தி டேங்க் கவரைத் தடவிப் பார்ப்பது எதற்காக என்று அந்த வழியில் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சாராயக்கடை, கள்ளுக்கடை தொடங்கி ரெஸ்டோ பார் வரை எல்லா வகையும், எல்லா விலையிலும் இங்கே இருக்கிறது. அந்த ஊரில் இன்னொரு பார் திறப்பது கடலூர் துறைமுகத்தில் மீன் கொண்டுபோய் விற்கிற வேலை.

இந்த ஊரில் எது அரிது? மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வரை இருக்க, பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாத ஓர் இடம். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டியை மறித்துவிட்டு நடக்க விடுகிறார்களே, அங்கே எத்தனை குடும்பங்கள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வாரக் கடைசியில் ரெஸ்டோ பார் இருக்கும் தெருக்காரர்கள் இரவு இரைச்சல் பற்றிப் புலம்புவதும் உங்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி நான்கு பேர் உள்ளே வருகிறார்கள் என்றால், ரைடுக்கு மட்டும் கட்டவில்லை. ஈர உடையில் பெண்கள் நிம்மதியாக நடக்கலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். முன்பதிவுக்கு போன் செய்கிற பெண்கள் டிக்கெட் விலைக்கு முன்னால் கேட்பதே "ஃபேமிலியா வரலாங்களா? டிரிங்க்ஸ் எல்லாம் அலவ் பண்ணுவீங்களா?" என்றுதான். "இல்லைங்க, உள்ளே கிடையாது, கொண்டுவந்தாலும் விடமாட்டோம்" என்று சொன்னால் எதிர்முனையில் குரலே மாறும்.

அடுத்தது பள்ளிக்கூடச் சுற்றுலா. வார நாட்களில் பூங்காவை நிரப்புவது அதுதான். சிதம்பரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் மூன்று பஸ் பிடித்து வருகிற பள்ளிகள். பார் இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக எந்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார்? சனி, ஞாயிறு பீர் வருமானத்துக்காகச் செவ்வாய், புதன், வியாழனை இழப்பீர்கள். கல்லூரிக் கூட்டம் வேறு வகைத் தலைவலி. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகவேண்டும், புதுச்சேரியில் 18 போதும். கடலூரில் வாங்க முடியாத பத்தொன்பது வயதுப் பையன் இங்கே சட்டப்படி வாடிக்கையாளர். அவன் கூட வந்த பதினேழு வயது நண்பனுக்கு அதே கிளாஸில் ஊற்றிக்கொடுத்தால்? சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77: குழந்தைக்கு, அதாவது 18 வயது நிரம்பாதவருக்கு, மது கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். நீச்சல் உடையில் இருக்கிறவர்களிடம் ஆதார் கார்டு கேட்டு வயது பார்ப்பது எப்படி என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. புதுச்சேரிக்கு 1970ஆம் வருடத்துக் கலால் சட்டமும் விதிகளும் இருக்கின்றன, சுற்றுலாப் பிரிவில் உரிமம் கேட்கலாம், வழி இல்லாமல் இல்லை. ஆனால் இடம் கடலூர் சாலையை ஒட்டி என்கிறீர்கள், அது தேசிய நெடுஞ்சாலை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக்கூடாது என்றது. அப்புறம் 20,000 பேருக்குக் குறைவான உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 220 மீட்டர் என்று குறைத்தார்கள், நகராட்சி எல்லைக்கு விலக்கும் வந்தது. உங்கள் சர்வே எண் எந்தக் கம்யூனில் (பஞ்சாயத்தில்), எந்த வகையில் வருகிறது என்று பார்க்காமல் பீர் கார்டனுக்கு வரைபடம் போடாதீர்கள். இடத்தை எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்துக்கு மாற்றினால் பேச்சே வேறு. அங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில், தனியார் பாருக்கு நட்சத்திர ஓட்டல் மாதிரி உரிமம் வேண்டும். ஊர் மனநிலையைத் தெரிந்துகொள்ள 2023 ஏப்ரலை நினைவுபடுத்துகிறேன். திருமண மண்டபம், விளையாட்டு அரங்கு போன்ற இடங்களில் நிகழ்ச்சிக்கு மது பரிமாறச் சிறப்பு உரிமம் தரலாம் என்று தமிழ்நாட்டில் விதியைத் திருத்தினார்கள். எழுந்த எதிர்ப்பில் திருமண மண்டபத்தை உடனே எடுத்துவிட்டார்கள். குடும்பம் கூடுகிற இடத்தில் மது என்றாலே நம் ஆட்களுக்குச் சுருக்கென்கிறது, கட்சி வித்தியாசம் இல்லாமல்.

இன்னொரு சின்ன விஷயம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: பூங்காவில் கூட்டம் பிதுங்குகிற விடுமுறைகள். மூன்றிலும் மது விற்பனைக்குத் தடை. உங்கள் பீர் கார்டன் நல்ல நாளெல்லாம் ஷட்டர் போட்டுக் கிடக்கும்.

உண்மையில் உங்களுக்கு வரப்போகிற தொல்லை கவுண்டரிலிருந்து வராது, கார் பார்க்கிங்கிலிருந்து வரும். வெளியில் கடை விலைக்குக் கிடைக்கிறதை உள்ளே இரண்டு மடங்குக்கு யாரும் வாங்க மாட்டார்கள். வண்டியிலேயே முடித்துவிட்டு வருவார்கள், மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவார்கள். கருப்புக் கூல்டிரிங்க்ஸில் ரம், தண்ணீர் பாட்டிலில் வோட்கா, இது எல்லாப் பூங்காவிலும் நடப்பது. வாசலில் இருப்பவருக்கு நான் சொல்லித்தருவது ஒன்றுதான்: மூடியைப் பார். திறக்காத பாட்டிலில் மூடியும் அதன் அடி வளையமும் ஒட்டியிருக்கும், திறந்ததில் வளையம் விட்டுப்போயிருக்கும். விட்டுப்போயிருந்தால் மோந்து பார்க்க வேண்டாம், சண்டை வேண்டாம், "கீழே ஊத்திட்டு உள்ளே ஆர்.ஓ. தண்ணி புடிச்சுக்கோங்க, ஃப்ரீதான்" என்று சொன்னால் போதும். இலவசக் குடிநீரை வாசலிலேயே வைக்காமல் பாட்டிலை மட்டும் பிடுங்கினால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். பார்க்கிங்கில் விளக்கும், சுற்றி நடக்கிற இரண்டு காவலர்களும், கார் நிறுத்தியவர் அரை மணிக்கு மேல் உள்ளேயே இருந்தால் கண்ணாடியைத் தட்டிக் கேட்கிற பழக்கமும் வேண்டும். பெண் காவலர் இல்லாமல் இந்தச் சோதனையை ஆரம்பிக்காதீர்கள்.

விடுதியில் பார் இருந்தால் ஏன் பரவாயில்லை என்கிறேன்? அங்கே குடிப்பவர் அன்றைக்கு ரைடும் ஏறப் போவதில்லை, வண்டியும் ஓட்டப் போவதில்லை. இரண்டாவது மிக முக்கியம். மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.தான் எல்லை. எழுபது கிலோ ஆள் ஒருவர் ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை மடமடவென்று குடித்தால் 80ஐத் தாண்டும். பிடிபட்டால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ வரலாம். உங்கள் பூங்காவிலிருந்து சென்னை 150 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூர் 300க்கு மேல். பின்சீட்டில் தூங்குகிற பிள்ளைகளோடு அந்த தூரத்துக்கு அனுப்பிவைக்க உங்களுக்கு மனசு வருமா?

விடுதிக்காரர்களுக்கு ஒரே நிபந்தனை வையுங்கள்: பார் பூங்கா மூடிய பிறகுதான் திறக்கும், நுழையும்போது கையில் கட்டிவிடுகிற டிக்கெட் பட்டை பூங்காவில் வெட்டப்பட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். மாலை ஆறுக்கு முன்னால் அங்கே குளிர்ந்த மோர்கூடக் கிடைக்கட்டும், பீர் வேண்டாம்.

கடைசியாக, பெங்களூர்க் கூட்டம் வராதே என்ற பயம். அவர்கள் ஏற்கெனவே பாண்டிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், மதுவுக்கு உங்களை நம்பியில்லை. காலையில் என்ன செய்வது என்று தெரியாமல் மதியம் வரை ரூமில் கிடக்கிறார்கள் பாருங்கள், அந்த நேரத்தைத்தான் நீங்கள் விற்க வேண்டும். ஒயிட் டவுனிலிருந்து (பழைய பிரெஞ்சுப் பகுதி) காலை பத்து மணிக்கு ஒரு வேன், மாலை ஆறரைக்குத் திரும்ப அதே இடத்தில் இறக்கிவிடுகிற ஒரு வேன். அதற்கப்புறம் அவர்கள் எந்த ரெஸ்டோ பாருக்குப் போனாலும் உங்களுக்கு என்ன? பீர் கார்டனுக்கு ஒதுக்கிய இடத்தில் குழந்தைகளுக்கு உடை மாற்றும் அறையை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள், கொக்கிகள் நிறைய வையுங்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் அம்மாக்கள் ஈரத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்க்கிறேன்.